முன்வாசல் வெளிச்சம்

இன்னும் கிட்ட வந்து உக்காருங்க ஐயா, அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். டீ சூடு, மெதுவா குடிங்க. பொண்ணுதானே? எங்க போயிடப் போறா? அவங்கப்பா, அதான் எங்கண்ணன், பின்வாசல்ல ஸ்டூலைப் போட்டுக் காவல் இருக்காரு. போன தடவை அந்த வழியாத்தான் வேற வேலை நேர்காணலுக்கு ஓடினா.

உங்க ஆபீஸ்ல அவளுக்குத் தர்ற வேலையை யாரு குறை சொன்னா? நீங்களே வந்து கூட்டிட்டுப் போறேங்கறீங்க, அந்த மனசு யாருக்கு வரும்? இவளுக்கு என்னன்னா, உலகத்து உச்சிக்கு, அதான் வடதுருவத்துப் பக்கம் போய், வானத்துல ஆடுற வெளிச்சத்தைப் பாத்து ஆராயுற வேலைதான் வேணுமாம். குளிர்காலத்துக்கு அங்க போற குழுவுக்கு ஒரே ப்ளேன், அதுவும் இன்னைக்கு. ஐயா நீங்க உங்க வாயால போயிட்டு வான்னு சொன்னாத்தான் போகலாம்னு அண்ணன் ஒரே பிடி.

இல்லைங்க, ராத்திரி வெளிச்சம் இல்ல. ‘பகல் வெளிச்சம் அத்தை’ன்னு அவ சொன்னா. நான் படிக்காதவ, காதுல விழுந்ததைச் சொல்றேன். சூரியன்லேர்ந்து மின்சாரம் ஏறின தூசி காத்தா வீசிக்கிட்டே இருக்காம். பூமி பெரிய காந்தமாச்சே, குடை பிடிச்சுத் தள்ளிவிட்டுடும். அதுல கொஞ்சம் சுத்திக்கிட்டுப் போய், இருட்டுப் பக்கமா, பின்வாசல் வழியா உள்ள வரும். எல்லாரும் பாக்கறது அதைத்தான்.

ஆனா உச்சிகிட்ட அந்தக் குடையில புனல் மாதிரி ஒரு வாய் இருக்காம். சூரியன் காத்தோட வர்ற காந்தம் நம்ம காந்தத்துக்கு எதிர்த்திசையா இருந்துச்சுன்னா, ரெண்டும் கோத்துக்கிட்டு முன்வாசலே திறந்துக்குமாம். தூசி நேரா இறங்கி, ரொம்ப மேல இருக்கற காத்துல மோதி, செக்கச்செவேல்னு ஒளி விடும். நடுப்பகல்ல! வெயில் வெளிச்சத்துல யாரு கண்ணுக்கும் தெரியாது. அங்க மட்டும் குளிர்காலத்துல மத்தியானமும் இருட்டு. அதான் அங்க ஓடணும்கறா.

அட, மூணாவது டீ ஆறுது, கடிகாரத்தை ஏன் பாக்கறீங்க? அண்ணனைக் கூப்பிடவா? அவரு எந்திரிச்சா பின்வாசல் காலியாயிடுமே.

மேல என்ன சத்தமா? ப்ளேன்தான். கிளம்பிடுச்சு போல.

சரி, இனிமே சொன்னா என்ன. நீங்க வரும்போது வாசல்ல ஒரு பொண்ணு நின்னாளே, இந்த வெயில்ல கோட்டும் குல்லாவுமா? நீங்க அவளைத் தொட்டில்ல பாத்தது, அடையாளம் எப்படித் தெரியும்! ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பெட்டி கனம்னு சொன்னதும் நீங்களே டாக்ஸில தூக்கி வச்சீங்க. அதோட விட்டாளா? கதவைச் சாத்தாம, பெரியவங்க ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு நின்னா. நல்லபடியா போயிட்டு வாம்மான்னு உங்க வாயாலதான் சொன்னீங்க.