யோகமலர் மிதித்த கல்

எனது பெயர் சின்னத்தம்பி சீவரத்தினம். வயது முப்பத்தொன்று. சொந்த இடம் பருத்தித்துறை. தற்போது டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் வாடகை அறையில் வசித்து, அங்குள்ள பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நான் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் டெனிஷில் சொல்ல, பொலிஸ் அதிகாரி பதிந்துகொள்கிறார். என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானாகவே வந்தேன்.

1984இல் அகதி விண்ணப்பம் கொடுத்தபோது ஊரிலிருந்து நேரே வந்ததாகக் கூறினேன். அது பொய். அதற்கு முன் சோவியத் உஸ்பெகிஸ்தானில், தாஷ்கண்ட் நகரில் சுரங்கத் தொழில் படித்தேன், முடிக்கவில்லை. மலைப்பக்கத்துச் சுரங்கங்களுக்குள் வெளிநாட்டவரை விடமாட்டார்கள். அங்கிருந்து வரும் யுரேனியக் கல்லை மாவாக அரைத்து, அமிலத்தில் கரைத்துப் பிரிப்பதை ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். கல் அரைக்கும் அறையில் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது, தூசு உடம்புக்குள் போகக்கூடாது என்பது முதல் பாடம். படிப்பை விட்டு வரும்போது செங்கல் அளவான, ஒரு பக்கம் அறுத்து மட்டமாக்கிய யுரேனியக் கல்லொன்றைத் திருடிக்கொண்டு வந்தேன். நானும் படித்தேன் என்பதற்கு என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

அதன் பின்னர் 1985 செப்டெம்பரில், என்னோடு வேலை செய்யும் தவராஜாவுக்கும் யோகமலருக்கும் இங்கே கலியாணம் நடந்தது. பெண் அம்மி மிதிக்க வேண்டும். இக்காஸ்டில் அம்மிக்கு எங்கே போவது? நடைபாதைக் கல்லைக் கிளப்பி வருவோம் என்று சிலர் பகிடி விட, யோகமலர் அழுதுவிட்டார். நான் அறைக்குப் போய் என் கல்லைக் கொண்டுவந்தேன். கால் பட்டு எடுப்பதால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். கறுப்புக் கல்லில் மஞ்சள் ஓடியிருந்ததால், "மங்களமான கல்லெல்லோ, எங்கையடாப்பா எடுத்தனி?" என்று கேட்டார்கள். ஆற்றங்கரையில் எடுத்தேன் என்றேன். மிதித்த கல்லை வீட்டை விட்டு அனுப்பக்கூடாது என்று யோகமலர் அதை வைத்துக்கொண்டார். அன்று எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அதன் பின்னர் 1986 மே மாதம், உக்ரேனில் அணு உலை வெடித்து, தொலைக்காட்சியில் ஓயாமல் கதிர்வீச்சைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், கல்லைத் திருப்பி வாங்குவதற்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். யோகமலர் அப்போது கர்ப்பிணி. இடியப்பமும் சம்பலும் வைத்தார். "மெசினில அடிச்சதில்லை அண்ணை, உங்கட கல்லில அரைச்சது" என்றார். கல்லின் மட்டமான பக்கம் தேய்ந்து பளபளத்தது. தேய்ந்த தூசு எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். வயிறு சரியில்லை என்று சொல்லிச் சம்பலைத் தள்ளி வைத்தேன். "வீணாப் போகப்படாது" என்று அவர் என் பங்கையும் தன் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுச் சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் தாஷ்கண்டில் இருந்த விஷயம் வெளிவந்து என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, கல்லைக் கேட்காமலே வந்துவிட்டேன். அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதன் பின்னர் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. இன்று காலை தொழிற்சாலையில் தவராஜா, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துச் சரக்கைத் தானே தினமும் அந்தக் கல்லில் அரைத்துக் கொடுப்பதாகவும், பால் நன்றாகச் சுரப்பதாகவும் சந்தோஷமாகச் சொன்னார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு நேரே இங்கு வந்தேன்.

உடனே கல்லை எடுத்து, தாயையும் பிள்ளையையும் வைத்தியசாலையில் காட்டும்படி கேட்டேன். பொலிஸ் கேட்டால் யோகமலர் கலியாணக் கல்லைக் கொடுக்கமாட்டார். நான் கேட்டால் காரணம் கேளாமலே தருவார். ஆகவே, காரணம் சொல்லாமல் வாங்கித் தர அனுமதி கேட்டேன். அதிகாரி மறுத்து, யோகமலருடைய முகத்துக்கு நேரே நான்தான் சொல்லவேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன். வாகனம் வெளியே நிற்கிறது.

மேலே பதியப்பட்டது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதில் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முழுவதும் உண்மை என்று ஏற்று ஒப்பமிடுகிறேன்.

சி. சீவரத்தினம்
இக்காஸ்ட், நவம்பர் 1986