பனிமலை ஏறாத புலவர்

மானிப்பாய் மண்ணின் மாண்பாய் இம்மன்றின் தலைமை ஏற்றிருக்கும் ஐயா கிறிஸ்துநாயகம் அவர்களே! முன்வரிசை முதியோரே! தமிழ் ஊட்டிய தாய்மாரே! மதிலேறி மகிழ்ந்திருக்கும் மைந்தரே! மைக்குக்கு உயிர் கொடுக்கும் உழவு இயந்திரத்துப் பற்றறியே! அனைவருக்கும் என் வணக்கம்!

இன்று தங்கை இராசாத்தியின் புதிய சஞ்சிகை வெளிவருகிறது. இவ்வேளையில் நான் யாரை நினைப்பேன்? சென்ற நூற்றாண்டிலே நீர்வேலியில் சஞ்சிகை நடத்திய பஞ்சலிங்கப் புலவரை நினைப்பேன்! அவரும் மனைவி சிவக்கொழுந்தும் எழுதிக்கொண்ட கடிதங்களை அவர்களின் சந்ததியார் எனக்குக் காட்டினார்கள். படித்தேன்; சிரித்தேன்; சிரித்துச் சிரித்துக் கதிரையால் விழுந்தேன்!

புலவர் 'உலக விநோத தீபிகை'யின் ஆசிரியர். ஐரோப்பா சென்று மாதந்தோறும் பயணக் கட்டுரை அனுப்புவேன் என்று வாசகருக்கு வாக்களித்தார். சஞ்சிகையை மனைவியிடம் ஒப்படைத்தார். கப்பல் ஏறினார். லண்டனில் இறங்கினார். கடுங்குளிர் கண்டார். கட்டிலில் ஏறியவர் அப்புறம் இறங்கவே இல்லை!

வீடு வந்த முதற் கடிதம் என்ன சொன்னது? "இங்கே மழை. மிளகாய்த்தூள் அனுப்பவும்." இரண்டாவது? "இன்னும் மழை. மிளகாய்த்தூள் எங்கே?"

சிவக்கொழுந்து அம்மையார் பதில் எழுதினார்: "மழை எண்டு எழுதினால் ஆர் வாசிப்பினம்? நீர்வேலியிலையும் மழைதான்!"

வாக்குக் கொடுத்தாயிற்று, வாசகர் காத்திருக்கிறார்கள், கட்டுரை இல்லையேல் சஞ்சிகை இல்லை. அம்மையார் அழுதாரா? அச்சுக்கூடத்தைப் பூட்டினாரா? எழுதினார்! கணவர் பெயரில் தாமே எழுதினார்! புலவர் பனிமலை ஏறினார். உச்சியில் நின்று "தமிழ் வாழ்க" என்றார். மலை "வாழ்க, வாழ்க" என்றது. நீர்வேலி வாழைப்பழத்தின் சுவையைப் புலவர் சொல்லக் கேட்டுப் பாரிஸ் பிரபு ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார்!

யாரது, "அண்ணை, மைக்கை விழுங்கிப் போடாதேங்கோ" என்பது? அஞ்சாதே தம்பி, சாப்பிட்டுத்தான் வந்தேன்.

அந்த இதழ் லண்டன் போய்ச் சேர்ந்தது. பதறினார் புலவர்! "நான் எந்த மலை ஏறினேன்?" என்று எழுதினார். பதில் வந்தது: "ஏறேல்லை எண்டால் இனி ஏறுங்கோ. அடுத்த இதழும் அச்சுக்குப் போட்டுது!"

ஒருவாறு ஊர் திரும்பினார். இதே மானிப்பாயிலே மாபெரும் வரவேற்பு! மாலைமேல் மாலை! கதிரவேலு என்றொரு வாசகர் எழுந்தார். "ஐயா, மலை உச்சியிலை என்னெண்டு மூச்சு விட்டனியள்?"

புலவருக்கோ இக்கட்டு! ஏறினேன் என்றால் அழியாப் புகழ்! ஏறவில்லை என்றால் சஞ்சிகைக்கே சமாதி! அவர் கண்கள் பெண்கள் பக்கம் போயின. அங்கே சிவக்கொழுந்து தலைகுனிந்து இருந்தார். அதைக் கண்டதும் புலவருக்கு மனம் பொறுக்கவில்லை.

"உந்தக் கட்டுரையை எழுதின ஆளைக் கேளுங்கோ. என்ரை மனுசிதான் எழுதினது. நான் போர்வைக்குள்ளை கிடந்தனான்."

"அப்ப நாங்கள் அழுதது, சிரிச்சது எல்லாம் பொய்க்கோ?" என்று கர்ச்சித்தார் கதிரவேலு.

அம்மையார் எழுந்தார். "வேண்டாம் எண்டால் நிப்பாட்டிறன். ஆனால் இவர் வாற மாதம் எரிமலைக்குள்ளை இறங்கிறதாய் இருந்தது."

கதிரவேலு மெல்லக் கேட்டார்: "கயிறு கட்டியோ இறங்கிறார்?"

அதிர்ந்தது சபை, கைதட்டலால்! அடுத்த இதழின் அட்டையிலே, கொட்டை எழுத்திலே, "ஆசிரியர்: சிவக்கொழுந்து" என்று அச்சேறியது. புலவரோ பக்கத்தில் இருந்து எழுத்துப்பிழை திருத்தினார்; அந்த வேலையில் சொக்கியும் போனார்!

அன்பர்களே! போரும் தடையும் சூழ்ந்த இன்று நமக்குப் பாதை இல்லை, மின்சாரம் இல்லை, அச்சடிக்கக் காகிதமும் இல்லை. இராசாத்தியின் சஞ்சிகை பள்ளிக்கூடக் கொப்பித்தாளிலே, கோடுகளுக்கு மேலேதான் அச்சாகியிருக்கிறது. அதனால் என்ன? பாதையை அடைக்கலாம், பார்வையை அடைக்கலாமா? விளக்கை அணைக்கலாம், வேட்கையை அணைக்கலாமா? எழுதுங்கள் பெண்களே! எரிமலையை எழுதுங்கள், ஏழு கடலையும் எழுதுங்கள், உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்!

வெய்யிலையும் என்னையும் சேர்த்துப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி! வணக்கம்!