ஒச்சம்மா கொண்டையில மூக்குத்திப்பூ

இந்த ஓடையில கோடையிலயும் தண்ணி ஓடுன காலம் அது. நம்ம நரையூத்துப்பட்டியில ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க பூட்டிக்கே ஆத்தா. புருசன் பாம்பு கடிச்சுச் செத்துட்டான். இருந்தது ஒரே ஒரு பொம்பளப்புள்ள. அதுக்கு ஒரு நா காய்ச்சல் அனலா அடிச்சிச்சாம்.

அம்மனுக்குப் பூ வச்சு வேண்டிக்கலாம்னா, மல்லியப்பூவுக்கு அவ எங்க போவா? வரப்புல பூத்துக் கெடந்த மூக்குத்திப்பூவக் கைநெறையப் பறிச்சுக்கிட்டு ஓடைக்கரை அம்மன் கோயிலுக்கு ஓடுனாளாம். சுத்தி வெள்ளை, நடுவுல மஞ்சள், மூக்குத்தி கணக்கா இருக்குமே, அதான்.

பூசாரி மொக்கையன் அவ கையத் தட்டிவிட்டானாம். "இதெல்லாம் பூவாடி? ஆடு திங்கிற பூண்டு! ஆத்தா தலையில களையவா வைக்கச் சொல்ற?" அம்புட்டும் மண்ணுல. சுத்தி நின்ன சனம் வேடிக்கை பாத்துச்சாம். பாவிக!

புள்ளைக்குக் காய்ச்சல் தானா எறங்குச்சு. ஒச்சம்மாவுக்குக் கொதிப்பு எறங்கல. மறுவாரம் அதே பூவத் தொடுத்து, கொண்டை நெறைய வச்சுக்கிட்டு, நடுத்தெருவுல நடந்து வந்தாளாம். தாலியறுத்தவ தலையில பூ! ஊரே கூடிருச்சு. கொழுந்தன்காரன் அவ மயிரப் புடிச்சு ஊர்க்கூட்டம் போடுற மந்தைக்கு இழுத்தாந்தானாம்.

"பூவா? எங்க இருக்கு பூ? பூண்டுன்னு பூசாரிதான சொன்னாரு?"ன்னாளாம்.

அங்க நின்ன பூசாரிக்கு வந்துச்சே கோவம்! அவ கொண்டையிலருந்து ஒண்ணப் பிடுங்கி, நகத்தால பிச்சுக் காட்டுனானாம். "நல்லாப் பாருங்கய்யா! நடுவுல மஞ்சமஞ்சளா நிக்கிறது ஒவ்வொண்ணும் ஒரு பூ. ஓரத்துல வெள்ளையா இருக்கே, அது எதழ் இல்ல, அதுவும் தனித்தனிப் பூ. ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு வெதை. ஒரு பூவாடி வச்சிருக்க? ஒரு கூடைப் பூவுல்ல சுமந்துக்கிட்டு வந்திருக்க!"

ஒச்சம்மா நிமுந்து பாத்தாளாம். "இம்புட்டுத் தெரிஞ்ச நீ, எம்புள்ள உசுருக்கு நான் ஏந்தி வந்தத ஏன்யா மண்ணுல தட்டுன? அன்னைக்குப் பூண்டு, இன்னைக்குப் பூவா? பூ மாறலையேய்யா. உன் நாக்குத்தான மாறுது!"

கொழுந்தன் பிடிச்ச மயிர விட்டானாம். கூட்டத்துல இருந்த தாலியறுத்த பொம்பளைக ஒவ்வொருத்தியா எந்திரிச்சாகளாம். வரப்புக்குப் போனாக, பறிச்சாக, தலையில வச்சாக, அம்மன் முன்னால போய் நின்னாக. எந்த ஆம்பளையும் குறுக்க வரல.

அதுலருந்துதான் ஓடைக்கரை அம்மனுக்கு மொதப்பூ மூக்குத்திப்பூ. வைக்கிறவ தாலியறுத்தவளா இருக்கணும், அவ தலையிலயும் அது இருக்கணும். பொங்கலுக்கு வர்ற வெளியூர்க்காரன் எவனாவது அதப் பாத்து மூஞ்சியச் சுழிச்சா, எங்கிட்ட வரச் சொல்லுங்க.