ஞாயிற்றுக்கிழமையின் இருபத்தாறு மணித்தியாலங்கள்

ஸ்காபரோவில் கணக்கில் பிழையே விடாத மனிதன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அம்மணி. உண்மையை மட்டும் சொல்லச் சொன்னீர்கள், அதனால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

பெயர் குகதாசன். வயது முப்பத்தொன்று. அக்கா வதனியின் வீட்டு பேஸ்மென்ட்டில் குடியிருக்கிறேன். அங்கேயே திங்கள் முதல் சனி வரை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர்கள் சம்பளத்தைக் கடித உறையில் வைத்துத் தருவார்கள். உறை கைமாறும் நேரத்தில் அவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், நான் பிள்ளையின் கணக்குக் கொப்பியைப் பார்ப்பேன். பத்து வருடங்களாக இப்படித்தான். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை உங்கள் வரித் திணைக்களத்துக்குக் காட்டுவேன். பெரும்பகுதியைக் காட்டுவதில்லை. அதைக் களவு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

மேல்வீட்டில் இருப்பவர் அக்காவின் கணவர் புவனேந்திரன் அத்தான். பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. அவர் ஒரு விசித்திரமான பிறவி. ஒருமுறை பக்கத்து வீட்டுக் கிழவருக்குப் பனி வழித்துக் கொடுத்ததற்காக நாற்பது டொலர் கிடைத்தது. அந்த நாற்பதையும் வரிப் பத்திரத்தில் எழுதினார். நான் அதைக் கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லியே பெயர் எடுத்தேன். அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன்.

“அரசாங்கம் உங்களுக்கு மருமகனோ அத்தான், வருசா வருசம் சீதனம் குடுக்கிறியள்?”

அவர் கோபிக்கமாட்டார். “எனக்கு நித்திரை வருது தம்பி. உமக்கு வருதோ?” என்பார்.

எனக்கு அருமையாக வந்தது. என்னைப் போன்றவர்களுக்கு நித்திரை வராது என்ற கதையை வரி கட்டுகிறவர்கள் தங்கள் ஆறுதலுக்காகக் கட்டியிருக்க வேண்டும்.

இனி அப்பா. அம்மா இறந்தபிறகு ஊரில், உடுப்பிட்டியில், தனியாக இருக்கிறார். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முத்திரை ஒட்டுகிற அளவுக்குத்தான் பேசுவார். போன வருடத்துக்கு முதல் வருடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். அது எனக்குத் தெரியவந்தது இரண்டு கிழமை கழித்து, வேறு ஏதோ கதைக்கும்போது.

“ஒண்டும் பெரிசா இல்லை. பால்காரி வருமட்டும் அதிலயே படுத்திருந்தனான்.”

“பால்காரி எத்தனை மணிக்கு வாறவ அப்பா?”

“விடிய ஆறுக்கு.”

“நீங்கள் எத்தனைக்கு விழுந்தனீங்கள்?”

“முதல்நாள் விடிய ஆறரைக்கு,” என்றார். “அண்டைக்கு அவ வந்திட்டுப் போட்டா.”

அன்றுதான் அவரை ஸ்பொன்சர் செய்து இந்த நாட்டுக்குக் கூப்பிடுவதென்று முடிவெடுத்தேன். அத்தானால் முடியாது. அவர் தன் தாய் தகப்பனை ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டார், மூன்று பெடியளும் இருக்கிறார்கள். தலைகளின் எண்ணிக்கை கூடக்கூட வருமானமும் கூடுதலாகக் காட்டவேண்டும். நான் தனிக்கட்டை. எனக்கும் அப்பாவுக்குமாக இரண்டு தலை.

பெற்றோரைக் கூப்பிட விரும்புகிறவர்களின் பெயர்களைக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். எத்தனையோ பேர் வருடக்கணக்காகக் காத்திருக்க, எனக்கு முதல் தரமே விழுந்தது. கூடவே கடிதமும் வந்தது. கடந்த மூன்று வருடங்களும் போதிய வருமானம் இருந்ததாக வரிப் பத்திரங்கள் காட்டவேண்டும். நான் வருடத்துக்கு ஏழாயிரம் டொலர் காட்டியிருந்தேன். அந்தப் பத்திரங்களின்படி நான் அப்பாவைக் கூப்பிடுவதைவிட அப்பா என்னைக் கூப்பிடுவதுதான் நியாயம்.

நான் பதறவில்லை. ஒளித்த பணத்தை வெளியே எடுத்தால் போதும் என்று நினைத்தேன். என் மனக்கணக்கில் அது பெரிய தொகை. பத்து வருடங்களாக அரசாங்கத்தை ஏமாற்றிய மனிதன், அம்மணி. கதவைப் பூட்டிவிட்டு, உறைகளின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்ததையெல்லாம் முதல்தடவையாகக் கூட்டினேன். மூன்று தரம் கூட்டினேன். வருடத்துக்குப் பதினேழாயிரம் வந்தது. ஒளித்தது வெறும் பத்தாயிரம்.

நான் ஏழை என்பதை அப்போதுதான் அறிந்தேன். அரசாங்கத்திடமிருந்து அதை ஒளிப்பதாக நினைத்து என்னிடமிருந்து ஒளித்திருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. தயவுசெய்து இந்த வரியை மட்டும் சிறிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு தலைக்கு வருடத்துக்கு நாற்பத்துநாலாயிரம் காட்டவேண்டும். இன்னும் இருபத்தேழாயிரம் காணாது. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் நீங்கள் விசாரிக்கிற விடயம். மாணவர்களை உண்டாக்கினேன்.

அவர்களைக் கூட்டமாகப் படிக்கவைக்கலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். உண்மையான பிள்ளைகள் ஒரு மேசையில் ஏழு பேராக நெருக்கியடித்து இருக்கிறார்கள். கற்பனைப் பிள்ளைகளையாவது அப்படி வைக்க மனம் வரவில்லை. எல்லோருக்கும் தனிப்பாடம், ஆளுக்கு ஒரு மணித்தியாலம், இருபது டொலர். உண்மையான பிள்ளைகளோடு முட்டாமலிருக்க எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டேன். பெயர் வைத்தேன், ரசீது எழுதினேன். ரசீதில் எழுதத் தேவையில்லாததையும் எழுதினேன். நிவாஷன் பின்னத்தில் பலவீனம். ஷாருகா கெட்டிக்காரி, ஆனால் அவசரக்காரி. நிவாஷனுக்காக ஒருநாள் உண்மையாகவே கவலைப்பட்டேன் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்று வருடப் பத்திரங்களையும் திருத்தி அனுப்பினேன். வரியும் தண்டமும் வந்தன. உழைத்த பணத்துக்கு வரி கட்டாத நான் உழைக்காத பணத்துக்கு வரி கட்ட நின்றேன். கையில் காசில்லை. மேலே போய் அத்தானிடம் விடயத்தைச் சொல்லிக் கடன் கேட்டேன். அவர் பெடியளின் படிப்புக்கென்று சேர்த்துவைத்திருந்தார்.

“என்னட்ட இருக்கு,” என்றார். “ஆனா ஒண்டு கேக்கிறன். இல்லாத காசுக்கு என்னத்துக்குத் தம்பி வரி?”

“அப்பாவுக்கு அத்தான்.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொன்னேன்.

“வட்டி வேண்டாம். அதையும் பிறகு நான் காட்டவேணும்.”

பத்திரங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. அப்பாவுக்கு ஒரு குளிர்ச்சட்டை வாங்கினேன். அதன்பிறகு உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு மனிதன் திடீரென்று வந்து எனக்குக் கூடுதலாக வருமானம் இருந்தது, வரியை எடுங்கள் என்று கெஞ்சினால், அது கறுப்புப் பணம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். போதைத்தூள் விற்கிறீர்களா என்று நீங்கள் மரியாதையாகத்தான் கேட்டீர்கள். தூள் விற்கிற ஆளென்று சந்தேகப்படுகிற அளவுக்கு என் வருமானத்தை மதித்தது நீங்கள் ஒருவர்தான்.

ஒரு பெற்றோரின் தொலைபேசி எண் கேட்டீர்கள். நான் அத்தானின் எண்ணைத் தந்தேன். அவரை முன்கூட்டியே தயார்படுத்தினேன். ஷாருகா உங்கட மகள், ஞாயிறு நாலு மணிக்குப் படிக்க வாறவ, அவ்வளவுதான் சொல்லவேணும் என்றேன். அவர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார் என்பதை நான் மறந்துவிட்டேன். பின்னேரம் கீழே இறங்கிவந்து படியிலேயே நின்றார்.

“தம்பி, வரிக் கந்தோர் ஆக்கள் ஃபோனில கேட்டவை. எனக்கு மூண்டும் பெடியள், பொம்பிளைப் பிள்ளை இல்லை எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஏன் அத்தான்?”

“வாயில வரேல்லையடா,” என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. ஏமாந்தவன் நான். அழுதவர் அவர். முதல்தடவையாக என்னை அவர் ‘டா’ போட்டதும் அன்றுதான்.

அதற்குப் பிறகு நீங்கள் என் ரசீதுகளை எல்லாம் மேசையில் பரப்பி, ஒரு பென்சிலால் மெதுவாக எண்ணினீர்கள். மாணவர்களை உண்டாக்கியபோது நான் இருபத்தேழாயிரத்தை ஐம்பத்திரண்டு கிழமையால் வகுத்தேன். இருபது டொலரால் வகுத்தேன். இருபத்தாறு பிள்ளைகள் வந்தார்கள். வகுத்தலில் ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் இருபத்தாறு மணித்தியாலம் படிப்பித்திருக்கிறேன். இலையுதிர்காலத்தில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுகிற ஒரு ஞாயிறு இருக்கிறது. அன்றைக்கு இருபத்தைந்து மணித்தியாலம், அப்படியும் ஒன்று காணாது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். இருபத்தாறு பேரில் ஒருவரும் இல்லை. நிவாஷனும் இல்லை.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது, இனி உண்மையான வருமானத்தை மூன்று வருடம் காட்டவேண்டும், பிறகு மறுபடியும் குலுக்கலில் பெயர் விழவேண்டும் என்று. அவருக்கு வயது எழுபத்துமூன்று.

“மூண்டோ,” என்றார். “சரி. நான் கிணத்தடிக்கு இனி ஃபோனையும் கொண்டு போறன்.”

பாண் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு அத்தான் சொல்லிவைத்திருக்கிறார். திங்கட்கிழமை தொடக்கம் போகிறேன். பகலில் பிள்ளைகள். உறை தருகிறவர்களுக்கு நேற்றிலிருந்து ரசீது எழுதிக் கொடுக்கிறேன். ஒரு தாய் பயந்துபோய், சேருக்கு ஏதும் வருத்தமோ என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். இல்லாத பிள்ளைகளுக்காகக் கட்டிய வரியைத் திருப்பித் தர உங்களிடம் படிவம் இல்லை என்றீர்கள். படிவம் வந்ததும் பணத்தை அத்தானின் பெயருக்கு அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் அத்தானைப் போல ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. அவருக்கு அது சுபாவம். எனக்கு இது வெறும் கணக்கு. அப்பா வரும்வரை ஒவ்வொரு டொலரும் பத்திரத்தில் ஏறவேண்டும், அவ்வளவுதான்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அம்மணி. இடைவேளையில் எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தந்தீர்கள். வெளியே விசாரித்தேன், இரண்டு டொலர் பத்துச் சதமாம். அதை வரிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதவேண்டும்?