மிண்டாவை உதறிவிட்ட இடம்

…அதைத்தான் சொல்ல வருகிறேன், நேராக வீட்டுக்குப் போகவே கூடாது! சாவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு யாராவது நேராக வீட்டுக்குப் போவார்களா? வழியில் ஒரு டோனட் கடை, ஒரு பெட்ரோல் பங்க், எங்கேயாவது நுழைந்து ஒரு காப்பி குடித்து, பின்னால் ஒட்டிக்கொண்டு வந்ததை அங்கேயே உதறிவிட்டுத்தானே நாமெல்லாம் போவோம்? நம் ரோவெலின் மாமா டெல்ஃபின் உதறவில்லை. மறந்துபோய் இல்லை. தெரிந்தே.

கரண்ட் வரும்வரை சொல்கிறேன். அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள்.

விடியற்காலை மூன்று மணி. சவக்கூடத்துக்குப் பின்னால் போகிறதே ஒரு சந்து… ஒரு பக்கம் மதில், மறு பக்கம் சாக்கடை, அந்த வழியாக டெல்ஃபின் மாமா தனியாக நடந்து போகிறார். ஐம்பத்தெட்டு வயது. நம் பாரில் கீபோர்டு வாசிப்பாரே, அவர்தான். மேலே கொரியன் கறி வாட்டும் கடை, கீழே ஜப்பான் நூடுல்ஸ் கடை, நடுவில் அந்த பார். சட்டையைப் பிழிந்தால் மூன்று நாட்டு எண்ணெயும் வரும்.

அன்று பெட்டிக்குள் கிடந்தது மிண்டா. பதினோரு வருஷம் அவர் வாசிக்க அவள் பாடினாள். தினமும் ரப்பர் செருப்பில் வந்து இறங்குவாள். கீபோர்டு ஸ்டாண்டுக்கு அடியில் அவளுடைய சிவப்புக் குதிகால் செருப்பு இருக்கும். அதை மாட்டிக்கொண்டு மேடைப் பலகையில் இரண்டே தட்டு. டக்… டக். அதுதான் மாமாவுக்கு ‘ஆரம்பி’ என்று அர்த்தம். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் மூலைக் கடையில் இஞ்சிக் கஞ்சி. அவள் பேசுவாள், அவர் கேட்பார். வீட்டில் அவருக்குப் பேச ஆளே கிடையாது. ஒரு நாளைக்கு அவர் காதில் விழுந்த பேச்சு மொத்தமும் அந்தக் கஞ்சிக் கடைப் பேச்சுதான்.

ஒரு திங்கட்கிழமை, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அவள் சொன்னாள்: “மக்காவ்ல ஒரு ஹோட்டல்ல கூப்பிடுறாங்க டெல்ஃபின். அங்கயே ஒரு பியானோக்காரன் இருக்கானாம். மூஞ்ச ஏன் அப்படி வச்சிருக்க? எவனாவது செத்துட்டானா?”

அன்று ராத்திரி, அவளுடைய கடைசிப் பாட்டுக்கு முன்னால், மாமா கீபோர்டில் ஒரு பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார். அவ்வளவுதான். சுருதி ஒரு கட்டை ஏறிவிட்டது. உச்சத்துக்குப் போகும் அந்த வரியில் மிண்டாவின் குரல் உடைந்தது. கீ…ச். பிறந்தநாள் மேசையில் பன்னிரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். செருப்பை மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை குளியலறையில் விழுந்தாள். அவ்வளவுதான்.

மாமாவுக்கு ஒரே ஒரு வார்த்தை பாக்கி. மன்னித்துவிடு. அதைச் சவக்கூடத்தில் சொல்ல வழியில்லை. அவள் இருந்த அறையில் ராத்திரி கண் விழித்திருக்கச் சீட்டாட்டம், தர்பூசணி விதை, பிஸ்கட், சிரிப்பு. டிரம்ஸ் வாசிக்கிற பையன் போயிங் அவளைப் போலவே கத்திக் காட்டிக்கொண்டிருந்தான். மாமாவால் தாங்க முடியவில்லை. எதிர் அறையில் ஆள் நடமாட்டமே இல்லை. அங்கே போய் உட்கார்ந்தார்.

அங்கேயும் ஒரு பெட்டி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஒரு கிழவரின் போட்டோ. ஒரே ஒரு பிளாஸ்டிக் மலர் வளையம். வந்தவர்கள் பெயர் எழுதும் நோட்டில் ஒரு பெயர்கூட இல்லை. காவலாளி எட்டிப் பார்த்தான்.

“சொந்தமா சார்?”

“இல்ல… சும்மாதான்.”

“மூணு ராத்திரியா ஒருத்தரும் வரல. நீங்கதான் மொத ஆளு. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க, பாவம்.”

எழுந்து போவது மரியாதையில்லை என்று ஒரு மணி நேரம் இருந்தார். நோட்டில் பெயரும் எழுதினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு ஒரு கூட்டம் கிளம்பியது. எல்லாரும் பாருக்கு.

“வாண்ணே, உதறிட்டுப் போவோம்,” என்றான் போயிங்.

“நீங்க போங்க. நான் பின்னாடியே வர்றேன்.”

போகவில்லை. வீட்டுக்கு நேர்வழியாக அந்தச் சந்தில் திரும்பினார். பாதியில் கேட்டது.

சரக்… சரக்…

செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். அவர் நின்றால் அதுவும் நின்றது. குதிகால் செருப்பு பாரிலேயே இருக்கிறதே, ரப்பர் செருப்பில் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் போய்விடுவாளோ என்று பயம். அவள் கால் வலிக்குமே என்று மெதுவாகக்கூட நடந்தாராம்!

அவர் வீட்டுக் கதவின் மேல் காகிதப்பூக் கொடி படர்ந்திருக்கும். கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றார்.

“உள்ள வா.”

சரக்… சரக்… அவரைக் கடந்து போனது. கதவைச் சாத்திவிட்டு, இருட்டிலேயே சொன்னார்: “மிண்டா… அன்னிக்கு சுருதிய ஏத்துனது நான்தான். வேணும்னேதான் செஞ்சேன். நீ போயிருவேன்னு பயம். மன்னிச்சிரு.”

நாற்காலி கிறீச்சென்று நகர்ந்தது. பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஆண் குரல்.

தலைக்கு வைக்கிற பழைய வாசனை எண்ணெய் நெடி… கூடவே சுருட்டு நாற்றம். அந்தப் போட்டோவில் படிய வாரிய தலை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. போயிங்.

“அண்ணே, எங்க போய்த் தொலஞ்ச? இங்க மைக் ஸ்டாண்ட நீ எறக்குனியா?”

“நான் அங்க வரவே இல்லையேடா.”

“அதான் நானும் கேக்குறேன்! நேத்து அந்த ஒட்டகச்சிவிங்கிப் பய பாடினான், அவன் உசரத்துக்குத்தான் விட்டுட்டுப் போனேன். இப்ப வந்து பாத்தா மிண்டாக்கா உசரத்துக்கு நிக்குது.”

அப்போதுதான் மாமாவுக்கு உறைத்தது. பத்துப் பேர் முறைப்படி பாருக்குப் போய் முறைப்படி உதறியிருக்கிறார்கள். மிண்டா அவர்களோடு போயிருக்கிறாள். அங்கேயே நின்றுவிட்டாள். இவர் அவளுக்காகக் கதவைத் திறந்து, எதிர் அறைக் கிழவரை உள்ளே அழைத்திருக்கிறார்.

ஓடினார். பின்னாலேயே சரக் சரக். பார் வாசலில் அது நின்றுவிட்டது. கிழவர் உள்ளே வரவில்லை. நுழைந்தால் உதறிவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும்போல.

மாமா நேராக உள்ளே போனார். கீபோர்டில் உட்கார்ந்தார். கீபோர்டுத் திரையில் சுழியம்: ஏற்றாத சுருதி, மிண்டாவின் சுருதி. அவளுடைய கடைசிப் பாட்டை முழுதாக வாசித்தார். அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் காத்திருந்தார், அவள் இழுக்கிற இடத்தில் இழுத்தார். உச்சத்துக்குப் போகிற அந்த வரி வந்தது.

யாருமே நிற்காத மைக்கிலிருந்து… கீ…ச்.

“வயரு பழசுண்ணே,” என்றான் போயிங். அவன் குரலும் சரியில்லை.

மன்னிக்கவில்லை என்று மாமா எடுத்துக்கொண்டார். கீபோர்டை மூடிவிட்டு வெளியே வந்தார். சரக்… சரக்… கூடவே கிளம்பியது. வீட்டு வாசலில் மறுபடி கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். வேறு என்ன செய்வார்? அந்த ஊரில் அவருக்காகக் காத்திருந்து கூடவே நடந்து வர இப்போது இருப்பது அந்தக் கிழவர் ஒருத்தர்தானே. கிழவருக்கும் இவர்தான்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. போன மாதம் ரோவெல் அறையைக் காலி செய்துவிட்டு மாமா வீட்டுக்குப் போனானில்லையா? முதல் நாளே பார்த்திருக்கிறான். காலையில் இரண்டு கோப்பைக் காப்பி. ஒன்று அப்படியே ஆறிக் கிடக்கும். “யாருக்கு மாமா?” என்று கேட்டதற்கு முழுக்கதையும் சொல்லியிருக்கிறார். “நல்ல மனுசன்டா. பேசவே மாட்டாரு. என்ன மாதிரி,” என்றாராம்.

போன சனிக்கிழமை நல்ல மழை. மாமாவை அழைத்துவரக் குடையோடு பாருக்குப் போனான் ரோவெல். இரண்டு பேரும் அதே சந்தில் திரும்பினார்கள். சரக்… சரக்… ரோவெலுக்கும் கேட்டது. கதையில் கேட்டதுதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். ஆனால் அது மட்டுமில்லை. செருப்புச் சத்தத்துக்குப் பக்கத்தில், லேசாக, தண்ணீரில் இன்னொன்று…

டக். டக். டக்.

மாமாவைப் பார்த்தான். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “கெழவரு இன்னிக்கு மெதுவா வர்றாரு,” என்றார். அவ்வளவுதான். அவருக்கு அது கேட்கவே இல்லை!

வீடு வந்தது. கதவைத் திறந்து மாமா ஒதுங்கி நின்றார். செருப்பு உள்ளே போனது. மாமா கதவைச் சாத்திவிட்டார். வெளியே, மழையில், வாசல் கல்லில் இரண்டே தட்டு.

டக்… டக்.

பிறகு ஒன்றுமில்லை. யாரோ காத்திருக்கிற மாதிரி.

மறுநாள் மதியம் ரோவெல் பாருக்குப் போய், கீபோர்டு ஸ்டாண்டுக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறான். சிவப்புச் செருப்பு இருந்தது. மூன்று மாதமாக யாரும் தொடாத செருப்பு. குதிகாலில் ஈரம் காயாத சேறு. இடது காலில் ஒட்டிக்கொண்டு… ஒரு காகிதப்பூ இதழ்.

இப்போது ரோவெல் என்னைப் போட்டுக் குடைகிறான், மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்று. வாசலில் நின்று தட்டுகிறாளே… மன்னித்துவிட்டேன், ஆரம்பி என்கிறாளா? இல்லை, அந்த ஒரு கட்டைக்குக் கணக்குத் தீர்க்க வந்து நிற்கிறாளா? சொன்னால் மாமா கதவைத் திறந்துவிடுவார், அது நிச்சயம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்கள்… திறக்கலாமா?