அக்பர் பாஷாவும் கேரவன் நாத்தமும்

மேல எதுக்குண்ணா பாக்குறீங்க? நாத்தம் கீழ இருந்துல்ல வருது. டேங்க் கீழதானே கீது... சரி சரி, மொறைக்காதீங்க. நான் அனுப்ரியா, சுயம்புலிங்கம் பொண்ணு. அப்பா குளிச்சிக்கினு இருக்காரு. பெருங்குடி பட்டறையில இருந்து சித்தார்த்தன்னு ஒருத்தர் வருவாரு, வந்தா கேரவனக் காட்டுன்னாரு. காட்டிட்டேன். இதான் வண்டி, இதான் கக்கூஸ், இதான் நாத்தம்.

மூணு வாரம்ணா. மூணு வாரமா இந்தத் தெருவுல எங்கள யாரும் மனுசனாவே மதிக்கிறதில்ல. கோபாலபுரத்துல பக்கத்துத் தெருவுக்குப் போங்க, பவழமல்லி வாசம். எங்க தெருவுக்கு வந்தா இது. எதிர் வீட்டு மாமி நேத்து கேட்டைப் புடிச்சிக்கினு நிக்கிறாங்க. "ஏண்டி கொழந்தே, ரசத்துக்குப் பெருங்காயம் போட்டேனா இல்லையான்னு மூக்கால கண்டுபிடிக்க முடியலடி. எங்காத்துல ரெண்டு நாளா ரெண்டு தரம் போட்டுண்டிருக்கேன்." எப்படி, அப்படியே மாமி இல்ல? மாமி கிட்டயே பேசிக் காட்டியிருக்கேன். நன்னாருக்கு, இன்னும் கொஞ்சம் மூக்கால இழுன்னு திருத்திக்கூடக் குடுத்தாங்க.

நீங்க சிரிக்கவே மாட்டீங்களா? சரி, டேங்கைத் திறங்க. அதாண்ணா முக்கியம். கீழ, கீழ.

எங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு கேரவன். ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுறோம். போன வாரம் சைதாப்பேட்டைல ஷூட்டிங். ஹீரோயின் வந்தாங்க, கதவத் திறந்தாங்க, மூடுனாங்க. அவ்ளோதான், சாயந்திரம் வரைக்கும் தன்னோட கார்லயே உக்காந்து மேக்கப் போட்டுக்கினாங்க. புரொடக்‌ஷன் மேனேஜர் கல்யாணராமன் சார்னு ஒருத்தர், அவரு கத்த மாட்டாரு. காதாண்ட வந்து, சளி புடிச்ச பூனை மாதிரி, சுயம்பு சார், அடுத்த வாரம் மயிலாப்பூர் மாடவீதில ஏழு மணி கால்ஷீட், இதே வாசனையோட வந்தீங்கன்னா இனிமே வேற வண்டிதான்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. அந்த ஏழு மணி நாளைக்குக் காலைலதான்.

செய்யாத வைத்தியம் இல்லண்ணா. எங்க டிரைவர் அக்பர் பாஷா அண்ணன், பதினோரு வருசமா அவருதான் இந்த வண்டிக்கு எல்லாம். டேங்கைக் காலி பண்ணி மூணு தபா அலசினாரு. கக்கூஸ் மூடிக்குக் கீழ ஒரு ரப்பர் வாசர் இருக்குல்ல, அதப் புதுசா மாத்தினாரு. வாஷ்பேசினுக்குக் கீழ குழாய் வளைஞ்சிருக்கும் பாருங்க, அதுல தண்ணி நின்னாதான் நாத்தம் ஏறாதாம். காஞ்சிடக் கூடாதுன்னு தெனம் காலைல ஒரு சொம்பு ஊத்துவாரு, செடிக்கு ஊத்துற மாதிரி. ஒண்ணும் வேலைக்கு ஆவல.

அப்புறம் எங்கப்பா எறங்கினாரு. பினாயில், ரசகற்பூரம், எலுமிச்சம்பழம். வெள்ளிக்கிழமை உள்ள போய்க் கதவச் சாத்திக்கினு சாம்பிராணி போட்டாரு. நாத்தம் போவல, ரெண்டும் கூட்டணி வெச்சிக்கிச்சு.

என்னண்ணா முழிக்கிறீங்க? கேஸா? நெருப்பே வெக்கக் கூடாதா? அய்யய்யோ, அப்ப எங்கப்பா வெள்ளிக்கிழமை தப்பிச்சதே பெரிய விசயமா.

ஃபிளஷ் அழுத்தினா எப்படியிருக்குன்னா கேக்குறீங்க? அதக் கேளுங்க, அந்தச் சத்தமும் நான் செய்வேன். மொதல்ல ஸ்ஸ்ஸ்... அப்புறம் குபுக், குபுக், குபுக்னு எருமை தண்ணி குடிக்கிற மாதிரி மேல வரும். அதோட நாத்தமும் அப்படியே மூஞ்சில...

ஏன் எழுந்துக்கிறீங்க? காத்துக் குழாயா? அதெல்லாம் நல்லாதாண்ணா கீது. மேல கூரைல மூடியெல்லாம் போட்டு டிப்டாப்பா இருக்கு. அடைச்சிருந்தா காத்து போக வழியில்லாம உள்ளதான் வருமா? ஓ. அப்படி ஒண்ணு இருக்கா. இல்லண்ணா, எனக்கு எப்படித் தெரியும்? குபுக்குன்னு சும்மா ஒரு இதுக்குச் சொன்னேன். அவ்ளோ குபுக் இல்ல. அரை குபுக்தான்.

ஏணில ஏறாதீங்கண்ணா, மூணாவது படி ஆடும். காக்கா கூடு கட்டியிருக்கு, கொத்தும். அண்ணா, டீ சொல்லட்டா? அண்ணா...

ஏறிட்டீங்க.

சரி. மூடியக் கழட்டிட்டீங்களா? அப்படின்னா மொதல்ல ஒண்ணு கேளுங்க. கைய உள்ள விட்டா துணி மாதிரி ஒண்ணு மாட்டும். பயந்துடாதீங்க, என்னோட பழைய துப்பட்டா. உள்ள ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கும்.

சிரிக்கிறீங்களா திட்டுறீங்களா, கீழ இருந்து தெரியல.

அந்தக் கல்யாணராமன் சார் இருக்காரே, கேரவன்ல ஏறினா அரை மணி நேரம் கக்கூஸ விட்டு வர மாட்டாரு, உள்ள உக்காந்து போன்ல ஊர் கதை. மூணு வாரம் முன்னாடி வண்டி பாக்க இங்க வராருன்னதும், ஒரு நூல் கட்டி ஸ்பீக்கர அந்தக் குழாய்க்குள்ள எறக்கினேன். ஆடக் கூடாதுன்னு துப்பட்டா சுத்தினேன். அவரு போய் உக்காந்ததும் ரயில்வே அம்மா குரல்ல, பயணிகளின் கனிவான கவனத்திற்கு, கழிப்பறையில் நீண்ட நேரமாக அமர்ந்திருப்பவர் உடனடியாக இடத்தைக் காலி செய்யவும்னு... அவரு ஒத்தச் செருப்போட வெளிய வந்தாருண்ணா. நான் மாமி வீட்டு மதில் பின்னாடி விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் மேல ஏறி இழுத்தா நூல் அறுந்துபோச்சு. ஹேங்கர் விட்டு எடுக்கப் பாத்தேன். அது இன்னும் கீழ போய்க் குந்திக்கிச்சு.

அதுக்கும் நாத்தத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு மொத வாரம் எனக்கு நெசமாவே தெரியாது. ரெண்டாவது வாரம்... போன்ல தேடிப் பாத்தேன். தெரிஞ்சிது. சொல்லல.

இப்ப எதுக்கு இவ்ளோ பேசுறேன்னு கேக்குறீங்களா? நேத்து அப்பா அக்பர் அண்ணன வேலைய விட்டு நிறுத்திட்டாரு. அவரோட தெக்கத்திப் பேச்சுல, பதினோரு வருசமா ஓட்டுதே, ஒரு டேங்கக் கழுவ வரலையேடேன்னு கேட்டாரு. மூணு தபா கழுவிட்டேன் மொதலாளின்னு அண்ணன் ஒரே ஒரு வாட்டி சொன்னாரு. சாவிய ஷூ ஸ்டாண்டு மேல வெச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். போறப்ப என்னாண்ட வந்து, "பாப்பா, ஒரே ஒரு தபா உங்கப்பா மாதிரி, அக்பரு வண்டிய எடுடேன்னு சொல்லேன்"னாரு. தெனம் காலைல நான் அப்படிச் சொன்னாதான் அவருக்குச் சிரிப்பு வரும். நேத்து எனக்கு வாயே வரல. எனக்குண்ணா. எனக்கு.

வந்திடுச்சா? அய்ய, என்ன இப்படி இருக்கு. ஊதாக் கலர் துப்பட்டாண்ணா அது.

அண்ணா, ஒரு உதவி. அப்பா கேட்டா, குழாய்ல காக்கா குச்சி அடைச்சிருந்துதுன்னு சொல்லுங்களேன். பட்டறைக்காரர் சொன்னா நம்புவாரு. அக்பர் அண்ணன் மேலயும் தப்பில்லன்னு ஆயிடும், என் மேலயும்... சொல்ல மாட்டீங்களா. காக்காவுக்கு என்னண்ணா நஷ்டம்?

எறங்கி வாங்க, இன்னொண்ணு இருக்கு. இதான் கொஞ்சம் அவசரம். காலைல ஆறு மணிக்கு நான் அக்பர் அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன். அப்பா நம்பர்ல இருந்து. அப்பா குரல்ல. "ஏய் அக்பரு, கோவத்துல பேசிட்டேம்டே, மனசுல வெச்சுக்கிடாத. பத்து மணிக்கு வந்து சாவிய வாங்கிக்க." அப்படியே அப்பாதாண்ணா, கடைசில அந்த இருமல் வரைக்கும். அண்ணன் மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சரிங்க மொதலாளின்னாரு. அழுதாருன்னு நெனைக்கிறேன். அப்பா மன்னிப்புக் கேட்டு இந்த வீட்டுல யாருமே பாத்ததில்ல.

மணி என்ன? பத்தேகாலா?

அதோ, முனையில திரும்புது பாருங்க, அந்த டிவிஎஸ். வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டுப் போட்டிருக்காரு. சிரிச்சிக்கினே வராரு. அப்பாவும் தலைய துவட்டிக்கினு கேட்டாண்ட வந்துட்டாரு. போச்சு, பாத்துட்டாரு. நிறுத்தினவன் எதுக்கு வந்து நிக்கிறான்னு ஒரு வார்த்த கேட்டுட்டா அண்ணன் இனிமே இந்தத் தெருப்பக்கமே வர மாட்டாரு.

இல்லண்ணா, நீங்க வராதீங்க. அதக் குடுங்க, துப்பட்டாவோட. நாறட்டும், பரவால்ல.

அப்பா. அப்பா, அவர ஒண்ணும் கேக்காதீங்க. அவரு தானா வரல. காலைல ஆறு மணிக்கு நீங்கதான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டீங்க. ஆமாப்பா, நீங்கதான். மொதல்ல உக்காருங்க, சொல்றேன்.