முன்னூறாவது பறவை

மைசூரில் கடல் கிடையாது. அதனால் ஹெப்பாளில் இருக்கும் எங்கள் கம்பெனியின் பறவைச் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து உங்கள் ஊர்க் கடற்கரைக்கு வரும். கரையில் நின்று கடற்பறவை பார்ப்பதைவிட மனதுக்கு இதமான பொழுதுபோக்கு வேறில்லை, இன்ஸ்பெக்டர்.

இருபத்திரண்டு வருடத்தில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வகை பார்த்திருந்தேன். எதைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் கூட வேலை செய்யும் வேதாந்த் உடனே பதில் போடுவான்: "இது சாதாரணமானதுதான் சார், சரியாப் பாருங்கோ." கீழே ஒரு சிரிப்புப் பொம்மை. பதிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

அன்று மாலை கடலுக்குள் சற்றுத் தள்ளியிருந்த பாறையில் ஆலா என்ற கடற்பறவையில் ஓர் அபூர்வமான வகை வந்து உட்கார்ந்தது. எனக்கு முன்னூறு. வேதாந்த் உதட்டைப் பிதுக்கினான். கிட்டே போய்ப் படமெடுத்து அது சாதாரண ஆலா என்று காட்டுகிறேன் என்று பேண்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

பாதி வழியில் திரும்பி, "ஆள இருக்கா சார்?" என்று கேட்டான்.

"இல்லை" என்றேன்.

எங்கள் மைசூர் வீடுகளில் தமிழும் கன்னடமும் கலந்துதான் வரும். ஆழத்துக்கு 'ஆள' என்போம். அலைச் சத்தத்தில் எனக்கு 'ஆலா இருக்கா' என்று கேட்டது, பார்த்தேன், பறவை இல்லை, இல்லை என்றேன். முதல் தடவை உங்களிடம் அப்படித்தான் சொன்னேன். நீங்களும் பாவம், எழுதிக்கொண்டீர்கள். அவன் மனைவி ஸுஷ்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீங்களாவது கூட இருந்தேளே" என்று அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிரச்சினை சங்கத்தால் வந்தது. ஐந்தரையிலிருந்து ஆறு மணி வரை ஆலா பாறையில் அசையாமல் இருந்ததாக நான் பதிவு செய்திருந்தேன். அவன் கேட்ட ஐந்தே முக்காலுக்குப் பறவை இல்லை என்று போலீஸிடம் சொல்லியிருக்கிறீர்களே என்று என் பட்டியலிலிருந்து முன்னூறாவதை அடித்துவிட்டார்கள்.

அது அநியாயம். அதற்காகத்தான் மறுபடி பஸ் ஏறி வந்தேன். திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அவன் கேட்டது ஆழத்தை. எனக்குத் தெளிவாகவே கேட்டது. அந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழம் என்று வலைக்காரர் ஒருவர் காலையிலேயே எனக்குக் காட்டியிருந்தார். நீச்சல் தெரியாது என்று பஸ்ஸில் அவனே சொன்னான். அவன் என்னைக் கூப்பிட்டபோதும் பைனாகுலரை நான் இறக்கவில்லை. ஆறு மணி வரை ஆலா அங்கேயேதான் இருந்தது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? சங்கத்துக்கு மட்டும் ஒரு நகல் கொடுங்கள். என்னைப் பொய்யன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.